தானே பிடிக்கும் முன் பிரேக்: பேட் மாற்றும் முன் ஒரு திருகைத் தளர்த்திப் பாருங்கள்

விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. வேலை முடிந்து செம்மண் பாதையில் திரும்பும்போது வண்டி கனக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் வேகம் எடுப்பதில்லை. வீட்டு வாசலில் நிறுத்தித் தள்ளிப் பார்த்தால் முன் சக்கரம் அசைய மறுக்கிறது. டிஸ்க் பக்கம் குனிந்தால் கருகிய வாடை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் சக்கரம் சுற்றுகிறது.

ரந்தாவ், லிங்கி, சிலியாவ் தொடங்கி பகாவ், கிம்மாஸ் வரை நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய கதையல்ல. தோட்டத்தை விட்டு சிரம்பான், நீலாய் தாமான்களில் குடியேறியவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. பேச்சு வழக்கில் இதை “பிரேக் ஜாம்” என்பார்கள். லிவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருப்பதுதான் இந்தக் கோளாறு.

இதற்கு இரண்டு பதில்கள் வழக்கமாகக் கிடைக்கும். ஒன்று, “ஓட்டு தம்பி, பேட் தேய்ஞ்சா தானா சரியாயிரும்.” மற்றொன்று, “பேட் மாத்திப் பார்ப்போம் அண்ணே, அதுக்கும் சரி வரலேன்னா பம்ப்பை மாத்துவோம்.” முதல் பதில் ஆபத்தானது. இரண்டாவது பதில் பணத்தைத் தின்னக்கூடியது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், தேவையில்லாத பம்ப்பும் டிஸ்க்கும் வாங்குவது ஒரு தோட்டக் குடும்பத்துக்குச் சின்னச் செலவல்ல.

கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொருள் எதுவும் வாங்காமலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு ஸ்பேனரும், ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயும், ஒரு காலிப் போத்தலும் போதும்.

ஏன் அலட்சியம் கூடாது

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தனியார் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாய வாகனச் சோதனை கிடையாது. ஆகவே பிரேக் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு வண்டிக்காரரையே சேர்ந்தது.

விடாமல் உரசும் பிரேக் சூடாகிக்கொண்டே போகும். அந்தச் சூடு பிரேக் திரவத்தைக் கொதிக்க வைத்தால் அதில் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது. குமிழியை அமுக்க முடியும். லிவரைப் பிடித்தால் அது கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. சிரம்பானிலிருந்து கோலாபிலா போகும் வழியில் உள்ள புக்கிட் புத்துஸ், கோலா கிளாவாங் போகும் வழியில் உள்ள புக்கிட் தாங்கா போன்ற மலைச் சரிவுகளில் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். ஈரச் சாலையில் முன் சக்கரம் முழுவதுமாகப் பூட்டிக்கொண்டால் வண்டி ஒரு நொடியில் சரிந்துவிடும்.

பிரேக் எப்படி விடுகிறது?

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது பலருக்குத் தெரியும். லிவரை அழுத்தினால் மேலே உள்ள பம்ப் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் ஹோஸ் வழியாகக் கீழே போய்க் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் 1969இல் ஹோண்டாவின் சிபி750 வழியாகப் பரவத் தொடங்கிய இந்த முறையைத்தான் இன்றைய கப்சாய்களும் பயன்படுத்துகின்றன.

பிரேக் எப்படி விடுகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. டிரம் பிரேக்கில் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் இல்லை. அந்த வேலையை இரண்டு சின்ன விஷயங்கள் செய்கின்றன.

முதலாவது, பம்ப்பின் உள்ளே, திரவக் கிண்ணத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ஊசிமுனை அளவிலான துளை. லிவரை விட்டதும் பம்ப் பிஸ்டன் பின்னுக்கு வந்து இந்தத் துளையைத் திறக்கிறது. மிச்சமிருக்கும் அழுத்தம் அதன் வழியாகக் கிண்ணத்துக்குத் திரும்பி வெளியேறிவிடும். திரவம் சூடாகி விரியும்போதும் இந்தத் துளைதான் வடிகால்.

இரண்டாவது, காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு கொண்ட ரப்பர் வளையம். பிஸ்டன் வெளியே வரும்போது இந்த ரப்பர் அதனுடன் சேர்ந்து சற்று முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரைவிட மிகக் குறைவு. பேட் டிஸ்க்கை விட்டு விலக அதுவே போதும்.

ஆகவே பிரேக் விடவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. அல்லது அழுத்தம் போய்விட்டது, ஆனால் காலிப்பரில் ஏதோ ஒன்று இறுகி நகர மறுக்கிறது. இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

முதலில் எந்தச் சக்கரம் என்று பாருங்கள்

வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிறகு பின்பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் அதைச் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்பது இயல்பு. சக்கரம் ஓரிரு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். சங்கிலி அதிகமாக இறுகியிருந்தாலும், சக்கர பேரிங் கெட்டிருந்தாலும் வண்டி கனக்கும். அவற்றைப் பிரேக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். அவற்றில் பிடிப்பு இருந்தால் கேபிளையும் பின் பிரேக் கம்பியின் நட்டையும் பார்த்தால் போதும்; இங்கே சொல்லப்படும் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. யமஹா லெஜெண்டா, ஹோண்டா வேவ் 125 போன்றவற்றில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் உண்டு. யமஹா ஒய்15இல் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க்.

ஓட்டி முடித்த டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும். விரலில் எடுத்த இரண்டு சொட்டு நீரைத் தெளித்தால் போதும். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டி வந்த பிறகும் நீர் சுர்ரென்று ஆவியானால் பிரேக் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சூட்டைத் தணிக்க வாளி நீரை ஊற்றினால் டிஸ்க் கோணிப்போகலாம்.

எப்போது பிடிக்கிறது என்பதும் ஒரு துப்பு. காலையில் ஆறிய வண்டியிலேயே பிடிப்பு இருந்தால் காலிப்பர் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். ஓட ஓட அதிகமாகி, ஆறிய பிறகு விட்டுவிடுகிறது என்றால் பம்ப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். விரியும் திரவம் திரும்ப வழியில்லாமல் தானே பிரேக்கை அழுத்துகிறது. ஆறினால் திரவம் சுருங்குகிறது, பிரேக்கும் விடுகிறது.

தீர்ப்புச் சொல்லும் திருகு

காலிப்பரின் மேல்பகுதியில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னக் குழாய்முனை இருக்கும். பட்டறைகளில் இதை நிப்பிள் என்பார்கள். காற்றை வெளியேற்றுவதற்கான திருகு இது; பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும்.

சக்கரம் பிடித்திருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். விட்ட பிறகு செய்தால் பதில் கிடைக்காது. ஆறிய வண்டி என்றால் லிவரைப் பல முறை அழுத்தி விட்டு, சக்கரம் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் சற்று ஓட்டிப் பிடிப்பை வரவழைக்க வேண்டும். காலிப்பர் சூடாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறிக்காதபடி முகத்தை விலக்கி வையுங்கள்.

பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விடுங்கள். திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, உடனே இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

திரவம் பீய்ச்சியடித்து, சக்கரமும் விட்டுவிட்டால் அழுத்தம் அடைபட்டிருந்தது என்று பொருள். காலிப்பர் நலமாக இருக்கிறது. கோளாறு மேலே, பம்ப்பிலோ ஹோஸிலோ இருக்கிறது. திரவம் சொட்டாக மட்டும் வந்து, சக்கரம் முன்புபோலவே இறுகி இருந்தால் அழுத்தம் இல்லை, காலிப்பர்தான் இறுகியிருக்கிறது. பம்ப்பை மாற்றினாலும் பயன் இருக்காது.

அழுத்தம் அடைபட்டிருந்தால்

மலிவான காரணங்களை முதலில் பாருங்கள். லிவரை விட்ட நிலையில் நுனியில் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். அழகுக்காக மாற்றிய குட்டை லிவர் அளவு பொருந்தாமல் பம்ப் பிஸ்டனை எப்போதும் சற்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் அந்த ஊசித்துளை திறக்கவே திறக்காது. பழைய லிவரை மாட்டிப் பார்த்தாலே பல வண்டிகளில் கோளாறு தீர்ந்துவிடும். பின் டிஸ்க் உள்ள வண்டிகளில் கால் பெடலின் தள்ளுகம்பியை அதிகமாக நீட்டி வைத்தாலும் இதே தொல்லைதான்.

அடுத்து திரவக் கிண்ணம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், கிண்ணத்தில் மட்டம் இறங்கும். அது கசிவு அல்ல. அதைப் பார்த்து விளிம்புவரை ஊற்றி, பிறகு புதிய பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால் கிண்ணம் நிரம்பி வழியும். விரிவதற்கு இடமில்லாத திரவம் பிரேக்கை அழுத்தும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து துளை. கிண்ணத்தின் மூடியைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். லிவரை மிக மெதுவாக அழுத்தி விடும்போது திரவத்தின் மேற்பரப்பில் சிறு சலனம் தெரிய வேண்டும். ஒன்றுமே அசையவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது. அல்லது உள்ளே உள்ள ரப்பர் ஊதி அதை மறைத்திருக்கிறது. வேகமாக அழுத்தினால் திரவம் தெறிக்கும், வண்டியின் பெயிண்ட்டையும் தின்றுவிடும்.

கடைசியாக ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். லிவரின் பலத்தில் திரவம் கீழே போய்விடும். திரும்பி வர அந்தப் பலம் இருக்காது. சக்கரம் பிடித்திருக்கும்போது பம்ப்பில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றித் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குறை பம்ப்பில். அங்கே தளர்த்தியும் விடாமல், கீழே நிப்பிளைத் தளர்த்தும்போது மட்டும் விட்டால் குறை ஹோஸில். இந்தப் போல்ட்டைத் திறந்தால் இருபுறமும் உள்ள செப்பு வளையங்களைப் புதிதாகப் போட வேண்டும். காற்றையும் வெளியேற்ற வேண்டும். இந்தச் சோதனையைப் பழக்கமுள்ளவரிடம் விடுவதே நல்லது.

காலிப்பர் இறுகியிருந்தால்

தோட்டத்து வண்டிகளில் இதுவே அதிகம். செம்மண் சேறும் மழையும் மட்டும் காரணமல்ல. உர மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டியில் பொட்டாஷ், அமோனியம் சல்பேட் தூள் படிகிறது. இவை உப்பு வகைகள். ஈரம் பட்டால் அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் வெண்மையான அரிப்புப் படிவு உண்டாகி, வளையத்தைப் பிஸ்டன்மேல் நெருக்குகிறது. பிறகு பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும் பலம் அந்த ரப்பருக்கு இருப்பதில்லை.

காலிப்பரை இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்ததும், அதைத் தாங்கும் சறுக்குப் பின்களில் கையால் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலான கப்சாய்களில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுபக்கப் பேட் அழுத்துவதும் விடுவதும் காலிப்பர் இந்தப் பின்களில் சறுக்குவதைப் பொறுத்தது. பின் துருப்பிடித்து இறுகினால் ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேயும். ஒரு பக்கப் பேட் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் சறுக்குப் பின்னையும் பிஸ்டனையும் சந்தேகப்படலாம். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸ் தடவினால் போதும்.

பின்கள் நன்றாக இருந்தால் பிஸ்டனைப் பாருங்கள். கட்டை விரல்களால் அழுத்தினால் அது நிதானமாக உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் காலிப்பரைப் பிரித்து, பிஸ்டனை எடுத்து, பள்ளத்தில் படிந்ததைச் சுரண்டி, புதிய சீல் போட வேண்டும். பிஸ்டனில் குழிகள் விழுந்திருந்தால் மணல்தாளால் தேய்ப்பது வீண், புதிதுதான் வேண்டும். சீல் பெட்டி ஒன்றின் விலை முழுக் காலிப்பரின் விலையைவிட மிகக் குறைவு. எனவே “காலிப்பரையே மாத்தணும்” என்று யாராவது சொன்னால், “சீல் மட்டும் மாத்திப் பார்க்கலாமா?” என்று கேட்பதில் தவறில்லை.

“எண்ணெய்” என்ற பெயரால் வரும் கேடு

மலாயில் மிஞாக் பிரேக், தமிழில் பிரேக் எண்ணெய் என்று சொல்லிச் சொல்லி, அது எண்ணெய் என்றே பலர் நம்பிவிட்டார்கள். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெய் ஊற்றுவதும், இறுகிய பிஸ்டனைத் துரு நீக்கும் எண்ணெய் அடித்து நகர்த்துவதும் இந்தப் பெயரால் நடப்பவை. டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும் பிரேக் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதில் பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. பிரேக்கின் ரப்பர்கள் இந்தத் திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, ரப்பர் துண்டை மண்ணெண்ணெயில் போட்டால் ஊதிப் பெருப்பது தெரிந்ததே. பிரேக் ரப்பரிலும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அதுதான் நடக்கும். ஊதிய ரப்பர் துளையை மறைக்கும், பிஸ்டனை இறுக்கும். தவறாக ஊற்றியிருந்தால் எல்லா ரப்பர்களையும் ஹோஸையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. நம் நாட்டுப் புழுக்கத்தில் திறந்து வைத்த போத்தல் வேகமாகக் கெடும். சீல் உடைக்காத சிறு போத்தலாக வாங்குங்கள், மீதத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் இருந்தால் அதற்கு முன்பே மாற்றலாம்.

வழியில் பிடித்துக்கொண்டால்

ஓட்டும்போதே முன் சக்கரம் இறுகுவது தெரிந்தால் பின் பிரேக்கால் நிறுத்தி, ஓரமாக ஒதுங்குங்கள். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். நிப்பிளைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டால் சக்கரம் விடக்கூடும். ஆனால் அதன் வழியாகக் காற்று உள்ளே போயிருந்தால் அடுத்த முறை லிவரைப் பிடிக்கும்போது பிரேக் இருக்காது. ஆகவே அது வண்டியைத் தள்ளிச் செல்லவோ லாரியில் ஏற்றவோ உதவும் வழி மட்டுமே. அதை நம்பி ஓட்டிச் செல்லக் கூடாது.

பழுது பார்த்து முடிந்ததும், வண்டியைக் கிளப்பும் முன் லிவர் கெட்டியாகும்வரை பல முறை அழுத்துங்கள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக் பிடிக்காது. லயத்தின் முன்னாலேயே நடை வேகத்தில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்து, சக்கரத்தைத் தூக்கி மறுபடி சுற்றிப் பார்த்த பிறகே பெரிய சாலைக்குப் போகலாம்.

சீல் மாற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வண்டிக்காரரின் வேலை. “நிப்பிளைத் தளர்த்தினேன் அண்ணே, திரவம் அடிச்சுச்சு, சக்கரம் விட்டுருச்சு” என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பட்டறையில் பம்ப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார்கள். நல்ல காலிப்பருக்கும் தேயாத பேடுக்கும் அவர் காசு கொடுக்க வேண்டியிருக்காது.